ஒரு மூச்சுக்கு எத்தனை பேர்

2021 மே மாதத்தில் வேளச்சேரியில் இருந்தவர்களுக்கு இரண்டு ஓசைகள் இன்னும் நினைவிருக்கும். ஒன்று, ஊரடங்கில் வெறிச்சோடிக் கிடந்த பைபாஸ் சாலையில் விட்டுவிட்டுக் கேட்ட ஆம்புலன்ஸ் சத்தம். இன்னொன்று, எந்த வீட்டில் போன் அடித்தாலும் மறுமுனையில் வந்த கேள்வி: "எங்கேயாவது வென்டிலேட்டர் பெட் இருக்கா?" கிண்டி கிங்ஸில் இருக்கிறதா, பெரியாஸ்பத்திரியில் இருக்கிறதா, ஓமந்தூராரில் இருக்கிறதா என்று கேட்டவர்களும் தேடியவர்களும் ஒரு எண்ணைத்தான் தேடினார்கள். எங்கோ ஓர் இயந்திரம் காலியாக இருந்தால் நம் ஆள் பிழைத்துவிடுவார் என்று எல்லோரும் நம்பினோம்.

அந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருந்தது. மீதிப் பாதியைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது. ஒரு நகரத்தில் எத்தனை வென்டிலேட்டர்கள் இருக்கின்றன என்பதும், அந்த நகரம் ஒரே நாளில் எத்தனை பேருக்கு மூச்சு கொடுக்க முடியும் என்பதும் ஒரே கேள்வி போலத் தோன்றும். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சென்னை கற்ற பாடம், அவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பது. அதை எழுதி வைக்காவிட்டால் அடுத்த முறையும் இயந்திரங்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருப்போம்.

இயந்திரம் செய்வதும் செய்யாததும்

வென்டிலேட்டர் நோயைக் குணப்படுத்துவதில்லை. நுரையீரல் தன் வேலையைச் செய்ய முடியாத நாள்களில் அந்த வேலையைத் தான் வாங்கிக்கொண்டு, உடம்புக்கு அவகாசம் வாங்கித் தருகிறது. தொண்டை வழியே மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூபைச் செருகி, குறித்த அளவு காற்றை, குறித்த அழுத்தத்தில், ஆக்ஸிஜனை வேண்டிய விகிதத்தில் கலந்து உள்ளே தள்ளுகிறது. மூச்சை வெளியே விட்ட பிறகும் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாதபடி கொஞ்சம் அழுத்தத்தை உள்ளேயே நிறுத்தி வைக்கிறது. அளவு கூடினால் நுரையீரல் கிழியும். குறைந்தால் ஆக்ஸிஜன் போதாது. கோவிட்டில் நடப்பது போலச் சேதமான நுரையீரலுக்கு, உயரத்திலிருந்து கணக்கிட்ட எடையில் ஒரு கிலோவுக்கு 6 மில்லி என்ற சிறிய மூச்சுகளே பாதுகாப்பு என்று 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று நிறுவியது. இன்றுவரை அதுவே வழிகாட்டி. இந்த அளவுகளை மணிக்கு மணி பார்த்து மாற்ற ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவு (ஐசியு) பிறந்த கதையே இதைச் சொல்கிறது. 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தைப் போலியோ தாக்கியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் பிளெக்டாம் மருத்துவமனையில் வந்து குவிந்தார்கள். அங்கே இரும்பு நுரையீரல் என்று அழைக்கப்பட்ட பெட்டி ஒன்றும், மார்பில் கட்டும் சிறிய கருவிகள் ஆறும்தான் இருந்தன. முதல் சில வாரங்களில் வந்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். பியோர்ன் இப்சென் என்ற மயக்க மருத்துவர் வேறு வழி சொன்னார்: கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுக்கலாம். இயந்திரம் இல்லை, ஆகவே ஆளைத் தேடினார்கள். ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும், நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். உச்சத்தில் ஒரே நேரத்தில் 70 பேருக்கு இப்படி மூச்சு போனது. இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இத்தகைய நோயாளிகளை ஒரே கூடத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது என்ற அனுபவத்திலிருந்துதான் இன்றைய ஐசியு உருவானது. அங்கே முதலில் கை வந்தது. இயந்திரம் பிறகு வந்தது.

2020: எண்ணத் தொடங்கிய காலம்

தமிழ்நாட்டின் முதல் கோவிட் நோயாளி 2020 மார்ச் 7 அன்று உறுதி செய்யப்பட்டார். ஓமனிலிருந்து திரும்பிய அவருக்குப் பெரியாஸ்பத்திரி என்று அழைக்கப்படும் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் சிகிச்சை நடந்தது. மார்ச் 25 அன்று மதுரையில் முதல் இறப்பு. ஏப்ரல் கடைசியில் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவி, மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. ஜூன் 19 முதல் 30 வரை சென்னைக்கும் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கும் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது.

நாடு முழுவதும் எண்ணிக்கை பார்க்கத் தொடங்கிய காலம் அது. 2020 ஏப்ரலில் வெளியான ஓர் ஆய்வு, இந்தியா முழுவதும் அரசு, தனியார் இரண்டையும் சேர்த்து ஏறத்தாழ 19 லட்சம் படுக்கைகள், 95,000 ஐசியு படுக்கைகள், 48,000 வென்டிலேட்டர்கள் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பகுதி ஏழு மாநிலங்களில் குவிந்திருந்தது. தமிழ்நாடு அவற்றில் ஒன்று. மே மாதத்தில் பிரதமர் பெயரிலான நிவாரண நிதியிலிருந்து 2,000 கோடி ரூபாயில் 50,000 வென்டிலேட்டர்கள் வாங்க முடிவானது. அதுவரை பெரும்பாலும் இறக்குமதியையே நம்பியிருந்த நாடு, சில மாதங்களில் உள்நாட்டிலேயே ஆயிரக்கணக்கில் செய்யக் கற்றுக்கொண்டது. அது சிறிய சாதனை அல்ல. ஆனால் அடுத்த ஆண்டு பல மாநிலங்களிலிருந்து இரண்டு விதமான செய்திகள் வந்தன. சில இடங்களில் கருவிகள் சரியாக ஓடவில்லை என்று மருத்துவர்கள் புகார் சொன்னார்கள். வேறு சில இடங்களில் கருவிகள் பிரிக்கப்படாத அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. இயக்கத் தெரிந்த ஆள் அங்கே இல்லை.

வேளச்சேரிக்கு அருகில் நடந்த பெரிய மாற்றம் கிண்டியில்தான். 1899இல் தொடங்கிய கிங் நோய்த் தடுப்பு நிலையத்தின் வளாகத்தில், முதியோர் நலத்துக்காகக் கட்டப்பட்டிருந்த கட்டடம் 750 படுக்கைகள் கொண்ட கொரோனா மருத்துவமனையாக மாறி, 2020 ஜூலை 7 அன்று திறக்கப்பட்டது. விஜயநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தின் கூடங்களில் கட்டில்கள் வரிசையாகப் போடப்பட்டன. லேசான தொற்று உள்ளவர்கள் அங்கே, மூச்சுத் திணறுபவர்கள் கிண்டியிலும் பெரியாஸ்பத்திரியிலும் ஓமந்தூராரிலும் என்று நகரம் தன் நோயாளிகளைப் பிரித்துக்கொள்ளக் கற்றது. வென்டிலேட்டர் பெட்டைக் காப்பாற்றும் முதல் வழியே, அது தேவைப்படாதவரை அதிலிருந்து தள்ளி வைப்பதுதான்.

ஒரு பெட், எத்தனை நாள்

மருத்துவமனைத் திறனைப் பேசும்போது அதிகம் மறக்கப்படுவது காலம். சாதாரணக் கணக்கு ஒன்று போடலாம். ஒரு பகுதியில் நாளொன்றுக்கு ஐந்து பேருக்கு வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. ஒவ்வொருவரும் சராசரியாகப் பன்னிரண்டு நாள் அதில் இருக்கிறார்கள் என்று கொள்வோம். அந்தப் பகுதிக்கு ஐந்து வென்டிலேட்டர் போதாது, அறுபது வேண்டும். வருகை இருபதானால் 240. அந்த 240ம் நிறைந்த பிறகு, ஒருவர் தேறினாலோ இறந்தாலோ மட்டுமே அடுத்தவருக்கு இடம். "பெட் காலியாகியிருக்கிறது" என்ற நல்ல செய்தியின் பின்னால் வேறொரு வீட்டின் துக்கம் இருக்கக்கூடும் என்பதை அந்த நாள்களில் போன் பேசியவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020 ஆகஸ்ட் 5 அன்று சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். செப்டம்பர் 25 அன்று மறைந்தார். இடையில் 51 நாள்கள். அதில் பெரும்பகுதி வென்டிலேட்டரிலும், நுரையீரலுக்கு ஓய்வு கொடுத்து ரத்தத்தை உடலுக்கு வெளியே கொண்டுவந்து ஆக்ஸிஜன் ஏற்றும் எக்மோ கருவியிலும் கழிந்தது. தமிழகமே தினமும் மாலைச் செய்திக்குறிப்புக்குக் காத்திருந்தது. ஒரு மனிதரை மூச்சோடு வைத்திருக்க எத்தனை நாள், எத்தனை பேர், எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது பலருக்கு அப்போதுதான் புரிந்தது. அத்தனை உழைப்புக்குப் பிறகும் கோவிட் நோயாளிகளில் டியூப் போட வேண்டிய நிலைக்குப் போனவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பிழைக்கவில்லை என்றே உலகளாவிய தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. ஆகவே வென்டிலேட்டர் பெட் கிடைப்பது கரை சேர்வதாகாது.

குழாயில் இருக்கிறது உயிர்

2021இன் இரண்டாம் அலை நம் கவனத்தை இயந்திரத்திலிருந்து அதன் பின்னால் சுவரில் இருக்கும் துளைக்குத் திருப்பியது. அந்தத் துளையின் மறுபக்கத்தில் செம்புக் குழாய், குழாயின் மறுமுனையில் திரவ ஆக்ஸிஜன் தொட்டி, தொட்டியை நிரப்ப டேங்கர் லாரி, லாரியை நிரப்ப ஸ்ரீபெரும்புதூர் போன்ற இடங்களில் ஆலைகள். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி மெலிந்தாலும் வென்டிலேட்டர் வெறும் அலாரப் பெட்டி ஆகிவிடும்.

முதல் அலையின் பாடங்களில் ஒன்று, அவசரப்பட்டு டியூப் போட வேண்டாம் என்பது. மூக்கு வழியே வெதுவெதுப்பான, ஈரமான ஆக்ஸிஜனை வேகமாகச் செலுத்தும் 'ஹை ஃப்ளோ' கருவிகள் பலரை வென்டிலேட்டருக்குப் போகாமல் காத்தன. ஆனால் அவற்றுக்குப் பசி அதிகம். முழு ஆக்ஸிஜனில் நிமிடத்துக்கு 60 லிட்டர் வைத்தால் ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் 86,400 லிட்டர். 7,000 லிட்டர் பிடிக்கும் பெரிய சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. நாளுக்குப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டும். ஒரு லிட்டர் திரவ ஆக்ஸிஜன் ஏறத்தாழ 860 லிட்டர் வாயுவாக விரியும். அதன்படி ஒரே ஒருவருக்கு நாளுக்கு 100 லிட்டர் திரவம். வென்டிலேட்டர் பல சமயம் இதைவிடக் குறைவாகவே எடுக்கும். ஒரு பற்றாக்குறையைத் தீர்க்க வந்த கருவி இன்னொரு பற்றாக்குறையைக் கொண்டுவந்தது.

மொத்த அளவு போதுமானதாக இருந்தாலும் அழுத்தம் என்று ஒன்று இருக்கிறது. வேளச்சேரி அடுக்குமாடிகளில் வசிப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கும். காலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் குழாய் திறந்தால் மேல்மாடியில் சொட்டத்தான் சொட்டும். மருத்துவமனைக் குழாயும் அப்படியே. சுவரில் ஏறத்தாழ 4 பார் அழுத்தம் நிற்க வேண்டும். நூறு பேருக்காகப் போட்ட குழாயில் முந்நூறு பேர் உறிஞ்சினால், கடைசிக் கட்டிலில் இருப்பவருக்கு அழுத்தம் விழும். திரவத்தை வாயுவாக்கும் துடுப்புக் குழாய்களில் பனி உறைந்து அவையும் திணறும்.

2021 மே 4 இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில மணி நேரத்துக்குள் 13 நோயாளிகள் இறந்தார்கள். ஆக்ஸிஜன் அழுத்தம் குறைந்ததே காரணம் என்று உறவினர்கள் கதறினார்கள். பற்றாக்குறை இல்லை என்று நிர்வாகம் சொன்னது. காரணம் எதுவாக இருந்தாலும், அந்த இரவுக்குப் பிறகு தமிழகத்தின் ஒவ்வொரு ஐசியுவிலும் அழுத்தமானியைப் பார்க்கும் கண்கள் மாறிவிட்டன.

வெளியிலிருந்து வரும் வரத்தும் தத்தளித்தது. தமிழகத்தில் தயாரான ஆக்ஸிஜனை வேறு மாநிலங்களுக்குத் திருப்பிவிட்டதை ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. ஏப்ரல் 27 அன்று தூத்துக்குடியில் மூடிக் கிடந்த தாமிர ஆலையின் ஆக்ஸிஜன் பிரிவை மட்டும் இயக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. மே 7 அன்று பொறுப்பேற்ற முதல்வர் மு.க. ஸ்டாலின், மாநிலத்தின் அன்றாடத் தேவை 440 டன்னாக இருக்க ஒதுக்கீடு 220 டன்தான் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஒதுக்கீடு 419 டன்னாக உயர்ந்தது. மே 14 அன்று மேற்கு வங்கத்தின் துர்காபூரிலிருந்து முதல் ஆக்ஸிஜன் ரயில் சென்னை தண்டையார்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. வேளச்சேரியில் ஒருவர் மூச்சு விட, வங்கத்திலிருந்து ஒரு ரயில் வர வேண்டியிருந்தது.

பக்கத்தில் நிற்பவர்

குழாய் பழுதானால் அலாரம் அடிக்கும். அந்த அலாரத்தைக் கேட்டு ஓடி வர ஆள் இல்லாவிட்டால் அடிப்பதற்கு வேறு அலாரம் இல்லை.

வென்டிலேட்டரில் இருப்பவருக்குப் பேச முடியாது, புரள முடியாது, எச்சில் விழுங்க முடியாது. டியூபில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். தவறினால் டியூப் அடைபடும். மயக்க மருந்து ஓடும் வேகத்தைக் கண்காணிக்க வேண்டும். ரத்த வாயுப் பரிசோதனை எடுக்க வேண்டும். கண் திறந்தே இருந்தால் வறண்டு போகும். மருந்திட்டு மூட வேண்டும். படுக்கைப் புண் வராமல் புரட்ட வேண்டும். கோவிட்டில் நாளுக்குப் பல மணி நேரம் குப்புறப் படுக்க வைப்பது நல்ல பலன் தந்தது. டியூபோடும் ஊசிகளோடும் இருக்கும் ஒருவரைக் குப்புறப் போட ஐந்தாறு பேர் ஒன்றாகக் கை கொடுக்க வேண்டும்; ஒருவர் டியூபை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு வேளையில் ஒரு செவிலியர் என்பதே சரியான அளவு. நாளுக்கு மூன்று வேளை, வார விடுப்பு, கவச உடை கழற்றி ஓய்வெடுக்கும் நேரம், பணியாளருக்கே தொற்று வந்து தனிமையில் இருக்கும் நாள்கள் எல்லாம் சேர்த்தால், ஒரே ஒரு வென்டிலேட்டரைத் தொடர்ந்து ஓட்ட ஐந்து செவிலியராவது தேவை. மேலே மருத்துவர், மயக்க மருத்துவர், சுவாச சிகிச்சையாளர், கருவியைப் பழுது பார்ப்பவர், தரை துடைப்பவர். சென்னை மே வெயிலில் கவச உடைக்குள் ஆறு மணி நேரம் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கு தோலில் எழுதப்பட்டது.

பதினைந்து நாளில் ஒரு வென்டிலேட்டரை வாங்கிவிடலாம். நல்ல ஐசியு செவிலியர் உருவாக ஆண்டுகள் ஆகும். 2020இல் அரசு ஒப்பந்த அடிப்படையில் செவிலியர்களைச் சேர்த்தது. இரண்டு அலைகளையும் அவர்கள் தாங்கினார்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வந்த அந்தச் செவிலியர்களில் 2,000க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31 அன்று முடிந்தது, நீட்டிக்கப்படவில்லை. புத்தாண்டில் அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். மாவட்ட அளவிலான சங்கங்கள் மூலம் வேறு ஒப்பந்தப் பணி தரப்படும் என்று அரசு சொன்னது. வாங்கிய வென்டிலேட்டர்களை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவற்றை ஓட்டக் கற்றவர்களைத்தான் வெளியே அனுப்பினோம். பெருந்தொற்றுக் காலத்தில் நாம் செய்த தவறுகளுக்கு அவசரம் என்று ஒரு சமாதானம் உண்டு. இதற்கு அந்தச் சமாதானமும் இல்லை.

வாசலில் நின்ற வண்டிகள்

2021 மே மாத நடுவில் பெரியாஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்ற படங்களை மறக்க முடியாது. உள்ளே இடமில்லாமல் வண்டிக்குள்ளேயே ஆக்ஸிஜன் ஏறிக்கொண்டிருந்தது. சிலர் வண்டியிலேயே இறந்தார்கள். 2021 மே 21 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது; அதுவே உச்சம். வரிசையில் நின்ற ஒவ்வொரு 108 வண்டியும், வேறெங்கோ அழைப்புக்குப் போக முடியாமல் முடங்கிய வண்டி. வாசலில் ஒரு மணி நேரத் தாமதம் என்றால் நகரத்தின் மறுகோடியில் ஒரு வீட்டில் அதே தாமதம்.

அதற்குக் கண்ட தீர்வுகள் எளியவை, வேலை செய்தவை. 'ஜீரோ டிலே' வார்டு என்று, வண்டியில் வந்தவரை உடனே இறக்கி ஆக்ஸிஜன் கொடுத்து, பிறகு எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும் இடம் ஒன்றைப் பெரியாஸ்பத்திரியில் அமைத்தார்கள். விபத்துச் சிகிச்சைக்காக அரசு மருத்துவமனைகளில் ஏற்கெனவே பழகியிருந்த சிவப்பு, மஞ்சள், பச்சைப் பிரிப்பு முறை இங்கே கை கொடுத்தது. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஒருங்கிணைந்த கட்டளை மையம் திறக்கப்பட்டு, 104 எண்ணில் பெட் கேட்பவர்களின் பட்டியலும் காலி இடங்களின் பட்டியலும் ஒரே மேசைக்கு வந்தன. அதற்கு முன்பு ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் பத்து மருத்துவமனைகளுக்குப் போன் போட்டது. தெரிந்தவர் உள்ளவருக்கு இடம் கிடைத்தது. இல்லாதவர் வாசலில் நின்றார். பெட் எண்ணிக்கை கூடாமலேயே, ஒரே வரிசையை உருவாக்கியதால் மட்டும் நியாயம் கொஞ்சம் கூடியது.

பணம் இன்னொரு வாசல். 2020 ஜூனில் தனியார் மருத்துவமனை ஐசியுவுக்கு நாளொன்றுக்கு 15,000 ரூபாய் என்று அரசு உச்சவரம்பு வைத்தது. 2021 மே மாதத் திருத்தத்தில் வென்டிலேட்டருடன் கூடிய ஐசியுவுக்கு 35,000 ரூபாய். பன்னிரண்டு நாளுக்கு 4,20,000 ரூபாய். வேளச்சேரியின் மென்பொருள் ஊழியர் குடும்பம் காப்பீட்டில் அதைச் சமாளிக்கலாம். அதே தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் குடும்பம் என்ன செய்யும்? மே 7 அன்று கையெழுத்தான முதல் ஐந்து அரசாணைகளில் ஒன்று, காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்களின் தனியார் கோவிட் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் என்றது. திறனை எண்ணும்போது, விலை காரணமாக எட்டாத படுக்கையை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. அந்த ஆணை அப்படிப்பட்ட படுக்கைகளில் சிலவற்றையேனும் எட்டும் தொலைவுக்குக் கொண்டுவந்தது.

மெட்ராஸ் முன்பே கண்ட வழி

படுக்கைப் பஞ்சம் இந்த நகரத்துக்குப் புதிதல்ல. ஐம்பதுகளில் காசநோய்க்கு இதே கேள்வி இருந்தது. நோயாளிகள் லட்சக்கணக்கில், சானடோரியப் படுக்கைகள் மிகக் குறைவு. 1928இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியத்தின் பெயரில் இன்றும் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. எவ்வளவு கட்டினாலும் போதாது என்று தெரிந்த நிலையில், 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் (இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) ஒரு துணிச்சலான ஆய்வைச் செய்தது. 193 நோயாளிகளில் ஒரு பாதிக்குச் சானடோரியத்தில் சிகிச்சை, மறு பாதிக்கு நெரிசலான தங்கள் வீட்டிலேயே சிகிச்சை, மருந்து ஒன்றே. 1959இல் வந்த முடிவு உலகத்தையே மாற்றியது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். வீட்டாருக்குத் தொற்று கூடவில்லை. படுக்கைப் பஞ்சத்துக்கு மெட்ராஸ் கண்டுபிடித்த விடை, யாருக்குப் படுக்கை வேண்டாம் என்று உறுதியாக அறிவதில் இருந்தது.

2021இல் அந்த விடை வேறு உருவில் திரும்பியது. விரலில் மாட்டும் சின்ன ஆக்ஸிமீட்டர்தான் அந்த உருவம். அது காட்டும் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு, 94 அல்லது அதற்கு மேல் இருந்தால் வீட்டில். 90க்கும் 93க்கும் இடையில் என்றால் ஆக்ஸிஜன் வார்டு. 90க்குக் கீழே என்றால் ஐசியு. மூச்சுத் திணறல் தெரியாமலேயே ஆக்ஸிஜன் இறங்கும் இந்த நோயில், அந்த எண்ணைக் காலையும் மாலையும் பார்த்த குடும்பங்கள் பல மணி நேரம் முன்கூட்டியே மருத்துவமனைக்குக் கிளம்பின. குப்புறப் படுத்தல் வீட்டிலும் தொடங்கியது. 2020 ஜூன் 16 அன்று பிரிட்டன் ஆய்வாளர்கள் அறிவித்த டெக்ஸாமெத்தசோன், எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைக்கும் மலிவான பழைய மருந்து. வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்ஸிஜனில் இருப்பவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அது பயன் தரவில்லை. அதைத் தொடக்கத்திலேயே விழுங்கியவர்கள் தங்களுக்கே கேடு தேடிக்கொண்டார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய வென்டிலேட்டர் தடுப்பூசிதான். 2022 ஜனவரியில் ஒமைக்ரான் அலையில் தமிழகத்தின் தினசரி எண்ணிக்கை மீண்டும் 30,000ஐத் தாண்டியது. ஏறத்தாழ முந்தைய மே மாத அளவு. ஆனால் வாசலில் வண்டி வரிசை இல்லை. வைரஸும் கொஞ்சம் மாறியிருந்தது. அதைவிட, பெரியவர்களில் பெரும்பாலோர் கையில் ஊசி போட்டிருந்தார்கள். அதே எண்ணிக்கையிலான தொற்று, எட்டே மாத இடைவெளியில், முற்றிலும் வேறான மருத்துவமனையைச் சந்தித்தது.

தண்ணீர் வரும் ஊர்

வேளச்சேரியிலிருந்து இதை எழுதுவதால் ஒன்றைச் சேர்க்காமல் முடிக்க முடியாது. எங்கள் ஊரில் மூச்சுக்கு இன்னொரு எதிரி, மழை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது அதன் கரையோரம் இருந்த ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் வெள்ளம் புகுந்து மின்சாரம் போனது; ஐசியுவில் இருந்த 18 பேர் இறந்த செய்தி வந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் வேளச்சேரியின் தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரிலும் இருட்டிலும் கிடந்தன. கோவிட்டுக்குப் பிறகு பல வீடுகளில் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் இருக்கிறது. நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள் அதை நம்பியே தூங்குகிறார்கள். அதுவும் மின்சாரத்தில்தான் ஓடும். பெருந்தொற்றும் வெள்ளமும் ஒரே மாதத்தில் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஜெனரேட்டரைக் கீழ்த்தளத்தில் வைக்கும் மருத்துவமனையின் வென்டிலேட்டர் எண்ணிக்கையை மழைக்காலத்தில் பூஜ்ஜியம் என்றே எழுத வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியவை

2023 ஜூன் 15 அன்று அதே கிங் வளாகத்தில் 1,000 படுக்கைகளுடன் கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை திறக்கப்பட்டது. தென் சென்னைக்கு அது பெரும் வரம். கட்டடத்தைப் பொறுத்தவரை நாம் 2020ஐவிட வெகுதூரம் முன்னே இருக்கிறோம். மற்றக் கண்ணிகளுக்கும் அதே அக்கறை வேண்டும்.

முதலாவது, எண்ணும் முறை மாற வேண்டும். எத்தனை வென்டிலேட்டர் இருக்கிறது என்று அறிவிப்பதை விட்டு, இன்றிரவு எத்தனை வென்டிலேட்டரை ஓட்ட முடியும் என்று அறிவிக்க வேண்டும். கருவி, போதிய அழுத்தமுள்ள குழாய், வெள்ளம் எட்டாத மின்சாரம், ஒரு செவிலியர் ஆகிய நான்கும் இருந்தால்தான் ஒன்று. நான்கில் எது குறைவோ அதுவே நகரத்தின் திறன். இரண்டாவது, ஒவ்வொரு அரசு மருத்துவமனையும் ஆண்டுக்கு ஒருமுறை ஆக்ஸிஜன் குழாயை உச்சச் சுமையில் ஓட்டிப் பார்த்து, கடைசிக் கட்டிலில் அழுத்தம் எவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும். மூன்றாவது, ஒரே வரிசை என்ற 104 முறையைப் பெருந்தொற்று வரும்வரை காத்திராமல், சாதாரண நாளின் ஐசியு பெட்டுக்கும் பழக்கமாக்க வேண்டும். டெங்கு மாதங்களிலும் சாலை விபத்து இரவுகளிலும் அதே போன் அலைச்சல் இன்றும் நடக்கிறது.

நான்காவதைத்தான் நான் எல்லாவற்றிலும் அதிகமாகக் கேட்கிறேன். கோபன்ஹேகனில் 1952இல் ஆள் கிடைத்ததற்குக் காரணம், அந்த நகரத்தில் மருத்துவ மாணவர்கள் இருந்தார்கள் என்பது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ஓமந்தூரார் என்று சென்னையில் மாநில அரசுக் கல்லூரிகளே நான்கு. கூடவே செவிலியர் கல்லூரிகள். இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் இரண்டு வாரம் ஐசியுவில் இருந்து, சளி உறிஞ்சவும், அலாரத்தின் பொருள் அறியவும், குப்புறப் போடக் கை கொடுக்கவும், மின்சாரம் போனால் பையை அமுக்கவும் கற்றுக்கொண்டு வெளியேறட்டும். அவர்கள் பெயர்களை அரசு ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளட்டும். ஆண்டுதோறும் ஒரு நாள் கூப்பிட்டுப் பழக்கத்தைப் புதுப்பிக்கட்டும். 2022 டிசம்பரில் வெளியே போன செவிலியர்களின் பெயர்கள் அந்தப் பட்டியலின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். நிரந்தர வேலையோடு, உரிய சம்பளத்தோடு. இரண்டு அலைகளின் இரவுகளிலும் நம் ஊர்க்காரர்களின் தலைமாட்டில் நின்றவர்கள் அவர்கள்.